மூணாவது வீதி, கடைசி வீடு

வாங்க தம்பி, வாங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டும். புள்ளையார் கோயில் பக்கமாப் போய் நின்னுட்டீங்களாட்ட இருக்குது? ஃபோன்ல உங்க சத்தத்தோட மணிச் சத்தமும் சேந்து கேட்டுது, அப்பவே தெரிஞ்சுக்கிட்டேன். எல்லாரும் அங்கதானுங்க போய் நிப்பாங்க. மேப்பு அப்படித்தான் காட்டும். மூணாவது வீதி நேரா ஊருக்குள்ள போற மாதிரியே கோடு போட்டிருக்கும். ஒரு காலத்துல போச்சுங்க. இப்ப போகாது. அந்தக் கோடு மட்டும் இன்னும் அழியல.

"மாடி தெரியுது சார், தண்ணித் தொட்டி தெரியுது, எப்படி வர்றது?"ன்னு கேட்டீங்க பாருங்க. கேஸ் சிலிண்டர் கொண்டாரவன், கொரியர் பையன், போன வருசம் என் தம்பி மகளோட கல்யாணப் பத்திரிகை வெக்க வந்த சம்பந்தி வீட்டுக்காரங்க, அத்தன பேரும் அதே எடத்துல நின்னுட்டு அதே கேள்வியத்தான் கேட்டாங்க. நானும் அதே பதிலத்தான் சொல்லுவேன். திரும்பி ஊருக்குள்ள போங்க, சர்வீஸ் ரோட்டப் புடிங்க, பாலத்துக்கு அடியில திரும்புங்க, மெயின் ரோட்டுல வந்து எங்க ஆர்ச்சுக்குள்ள நுழைங்க. ஆறு கிலோமீட்டர் சுத்துங்க. என்ன பண்றது.

உக்காருங்க. மோர் இருக்குது, குடிக்கறீங்களா? காப்பி எனக்கு வெக்க வராதுங்க. வீட்டுல ஆளில்ல.

இருக்கறாங்க, இருக்கறாங்க. அப்படிக் கேக்காதீங்க. நல்லாத்தான் இருக்கறா. அக்கட்டால இருக்கறா. செவுத்துக்கு அந்தப் பக்கம்.

வெளம்பரம் பாத்து வந்திருக்கறீங்க, மொதல்ல வீட்டப் பத்திச் சொல்லிர்றனுங்க. வடக்குப் பாத்த வாசல். மூணு ரூம்பு. போர் தண்ணி உப்புத்தான், ஆனா வத்துனதில்ல. ஆத்துத் தண்ணி பத்து நாளைக்கொருக்கா வரும், அதுக்குத் தனித் தொட்டி கட்டியிருக்கறேன். நான் மில்லுல மெயிண்டனன்ஸ் சூப்பர்வைசரா இருந்தவன் தம்பி. ஆறுச்சாமின்னா எங்க மில்லுல எல்லாருக்கும் தெரியும். மில்ல மூடுனப்பக் குடுத்த காசுல இந்த எடத்த வாங்கி, கொத்தனாருக்குப் பக்கத்துலயே நின்னு, ஒவ்வொரு கல்லா நானே பாத்துக் கட்டுனது. செவுத்துல ஆணி அடிச்சுப் பாருங்க, ஆணிதான் மடங்கும்.

அப்ப இங்க சுத்திலும் காடுங்க. சோளக்காடு. பொன்னி கார்டன்னு பேர் வெச்சு ஆர்ச்சு கட்டி ரோடு போட்டாங்க. ரோடு எங்க வீட்டு வாசலோட முடிஞ்சுரும். அதுக்கப்புறம் ஒரு இட்டேரி, ரெண்டு பக்கமும் கள்ளி வேலி, நடுவுல மாட்டு வண்டி போற தடம். அதைப் புடிச்சு நடந்தா பூலாம்பாளையம் ஊருக்குள்ள கொண்டு போய் விட்டுரும். பஸ் ஸ்டாப்பு, ரேஷன் கடை, பள்ளிக்கூடம் எல்லாம் ஊருக்குள்ளதான்.

பால்வாடியும் அங்கதான். என் சம்சாரம் வசந்தாமணி அந்தப் பால்வாடில டீச்சருங்க. எடம் வாங்கறப்பவே அதப் பாத்துத்தான் வாங்குனேன். அவளுக்கு நடந்து போற தூரமா இருக்கட்டும்னு. காத்தால எனக்கு டிபன் எடுத்து வெச்சுட்டு, கூடைய எடுத்துட்டு எறங்குனான்னா, நான் பேப்பர் படிச்சு முடிக்கறதுக்குள்ள அங்க புள்ளைங்க பாடற சத்தம் இங்க கேக்கும். நெசமாத்தானுங்க. காத்து கெழக்கால இருந்து அடிச்சா நல்லாவே கேக்கும்.

அப்புறம் என்னாச்சு, அந்த சோளக்காட்டையும் வித்துட்டாங்க. அன்னை நகர்னு இன்னொரு சைட்டுப் போட்டாங்க. இட்டேரி இருந்த எடத்துல தார் ரோடு போட்டு, எங்க மூணாவது வீதியோட கொண்டாந்து சேத்துட்டாங்க. எங்களுக்கெல்லாம் சந்தோசந்தானுங்க. நேரா ரோடு. மழை பெஞ்சாலும் சேறில்ல. வசந்தாவும் சந்தோசப்பட்டா. வீதி நடுவுல நின்னு ஊரப் பாத்து, "செருப்ப இனிக் கழுவ வேண்டியதில்லீங்க"ன்னா.

ஒரு வருசம் நல்லாருந்துதுங்க. அப்புறம் பைபாஸ் வேலை ஆரம்பிச்சுட்டாங்க. மெயின் ரோட்டுல நெரிசல். இப்படியொரு குறுக்குத் தடம் இருக்குதுன்னு எவன் கண்டுபுடிச்சானோ தெரியல. கம்பெனி வேன், மண்ணு லாரி, காலேஜ் பசங்க பைக்கு, எல்லாம் எங்க வீதியிலதான். விடிஞ்சா போதும், வாசல்ல கோலம் போட முடியாது. லாரி போறப்ப சமையக்கட்டுல தட்டு குலுங்கும். ரோடு பூரா குழி. நாங்க காசு போட்டுப் போட்ட ரோடுங்க தம்பி அது. எவனெவனோ போறான்.

அதுல பாருங்க, ரெண்டாவது வீட்டு ருக்குமணியம்மா வாசல் கூட்டிட்டு இருந்தாங்க. பைக்குல ரெண்டு பேர் வந்து வழி கேக்கற மாதிரி நின்னு, சங்கிலிய அத்துட்டுப் போயிட்டானுங்க. எப்படிப் போனானுங்க? நேரா. இப்படியே எங்க வீட்டு முன்னாடி ஓடி அன்னை நகர் வழியா ஊருக்குள்ள பூந்து போயிட்டானுங்க. அந்தம்மா கழுத்துல ரத்தக் கோடு. ஒரு வாரம் பேச்சே வரல அவுங்களுக்கு.

அன்னைக்குக் கூட்டம் போட்டம். நாந்தான் அப்ப லேஅவுட்டு சங்கத்துச் செயலாளர். எல்லாரும் ஒரே பேச்சுத்தான். கெழக்கால அடைச்சுப் போடுங்க சார். அடைச்சாத்தான் நிம்மதி. நான் தீர்மானம் எழுதுனேன், எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க.

வீட்டுக்கு வந்து சொன்னேன். வசந்தா கீரை ஆஞ்சுட்டு இருந்தா. "நான் எப்படிங்க போறது?"ன்னா.

"அதெல்லாம் யோசிக்காமயா இருப்பேன்? ஒரு ஆள் போற அளவுக்குச் சந்து விடறேன் புள்ள"ன்னேன்.

விட்டனுங்க. செவுரு கட்டி, சொன்ன மாதிரியே சந்து விட்டேன். அவ மட்டும் போறதில்லீங்க அது வழியா. இங்க வீடு கட்ற எடத்துல எல்லாம் சித்தாளுங்க குடிசை போட்டிருப்பாங்கல்ல, வடக்கத்திக்காரங்க, தர்மபுரிக்காரங்க. அதுக புள்ளைங்கள இவதான் கூட்டிட்டுப் போவா. காத்தால பாத்தீங்கன்னா இவ முன்னாடி, பின்னாடி ஒருத்தன் சேலையப் புடிச்சுட்டு, அவன் சட்டைய இன்னொருத்தி புடிச்சுட்டு, வரிசையா அந்தச் சந்துக்குள்ள நுழையும். பீகார்க்காரப் புள்ள ஒன்னு, தத்தக்கா பித்தக்கான்னு நடக்கும், என்னப் பாத்து "ஏனுங், சாப்டீங்ளா?"ன்னு கேக்கும். இவ சொல்லிக் குடுத்ததுதான். எனக்குச் சிரிப்பு வந்துரும்.

ஆனா பைக்குக்காரன் விடுவானுங்களா? சந்துக்குள்ள பைக்க விட்டான். நடுவுல ஒரு இரும்புக் குழாய நட்டேன். அதை வளைச்சுட்டு விட்டான். சங்கத்துல கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. "என்ன சார், உங்க வீட்டுக்காரம்மா போறதுக்காக மொத்த லேஅவுட்டும் பயந்துட்டு இருக்கணுமா?" அப்படிக் கேட்டா நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க. ஒரு பொறுப்புல இருக்கறவன் சொந்த வீட்டுக்குன்னு பாக்க முடியுங்களா?

ஒரு ஞாயித்துக்கெழமை கொத்தனாரக் கூட்டிட்டு வந்து மூடிட்டேன். அரைகொறையா இல்லீங்க. பழைய செவுத்தையும் எடுத்துப்போட்டு, அடியில கருங்கல்லு வெச்சு, கம்பி கட்டி, ஒன்னாக் கட்டுனேன். எட்டடி ஒசரம். மேல கண்ணாடித் துண்டு பதிச்சேன்.

திங்கக்கெழமை காத்தால வசந்தா கூடைய எடுத்துட்டு வாசல்ல எறங்குனா. புள்ளைங்க வழக்கம் போல வந்து நின்னுதுக. எல்லாரும் செவுத்தப் பாத்துட்டு நின்னாங்க. சிமெண்டு காயல, ஈரமா இருந்துது. ஒரு புள்ள கைய வெச்சுருச்சு, நான் சத்தம் போட்டேன். வசந்தா ஒன்னுமே சொல்லலைங்க. புள்ளைங்கள அதது குடிசைல விட்டுட்டு வந்து, "வண்டி எடுக்கறீங்களா?"ன்னா. நான் ஸ்கூட்டர எடுத்தேன். சுத்திக் கொண்டு போய் விட்டேன்.

அவளுக்கு வருத்தமா இருந்திருந்தா சொல்லியிருப்பால்லங்க? சொன்னா நான் கேட்டிருக்க மாட்டனா?

அந்தப் புள்ளைங்க அதுக்கப்புறம் பால்வாடிக்குப் போகல. ஸ்கூட்டர்ல எத்தனய ஏத்தறது? அதுக பாட்டுக்கு மணல் குமிச்சுக் கெடக்கறதுல வெளையாடிட்டு இருந்துதுக. சித்தாளுப் புள்ளைங்க எங்கிருந்தாலும் வெளையாடும். வசந்தா தான் சாயங்காலம் வந்தா அதுகளக் கூப்பிட்டு உக்கார வெச்சுக் கொஞ்ச நேரம் எதாவது சொல்லிட்டு இருப்பா. அதுவும் கொஞ்ச நாள்தான். வந்து சேர்றதுக்கே இருட்டிரும்ல.

இந்தாங்க, மோரக் குடிங்க. கருவேப்பிலை செடி பொறத்தால நம்முளுதுதான்.

அப்புறம் எனக்கு நெஞ்சு வலி வந்து, ரத்தக் குழாய்ல ஸ்பிரிங்கு வெச்சாங்க. ஸ்கூட்டர் ஓட்டக் கூடாதுன்னுட்டாரு டாக்டர். வசந்தா ஷேர் ஆட்டோல பாலம் வரைக்கும் போயி, அங்கிருந்து சர்வீஸ் ரோட்டுல நடக்க ஆரம்பிச்சா. நடக்கற ரோடாங்க அது? ஓரத்துல மண்ணு, ஒரசிட்டுப் போற லாரி. ஒரு நாள் சேலை பூரா சேறடிச்சு வந்தா. நான் கேட்டதுக்கு, "வேன்காரன் தண்ணிய வாரி எறைச்சுட்டுப் போயிட்டானுங்க"ன்னு சொல்லிட்டுக் குளிக்கப் போயிட்டா.

அதுல பைபாஸ்காரங்க ஒரு வேலை பண்ணுனாங்க. வடக்கால எங்க மொத வீதி பைபாஸுல போயி முட்டும். நடுவுல ஒரு எடவெளி விட்டிருந்தாங்க, அதுல குறுக்க நடந்து போயி அந்தப் பக்கம் பஸ் ஏறலாம். விபத்து நடக்குதுன்னு அதையும் கம்பி வெச்சு அடைச்சுட்டாங்க. சரின்னு இருந்தம். தெக்கால ஆர்ச்சு, மேக்கால பழைய தென்னந்தோப்பு வழியா ஒரு தடம், இந்த ரெண்டு மட்டும் மிச்சம்.

அந்தத் தென்னந்தோப்புலதானுங்க வில்லா வந்துது. பெரிய கம்பெனி. ஒன்னொன்னும் ரெண்டு மாடி, நீச்சல் குளம், கேட்டுல தொப்பி போட்ட செக்யூரிட்டி. ஒரு நாள் காத்தால நடக்கப் போனேன். தடத்த மறிச்சு செவுரு எழுப்பிட்டு இருக்கறாங்க! காலங்காலமா சனங்க நடந்த தடம். பொதுத் தடம். அதை அடைக்கறதுக்கு இவன் யாருங்க? அங்க நின்ன எஞ்சினீயர் பையங்கிட்டச் சண்டைக்கே போயிட்டேன். "தடத்த அடைக்கறது பாவம் தம்பி, உங்க வீட்டுப் பொம்பளைங்க நடந்து போற தடத்த ஒருத்தன் அடைச்சா சும்மா இருப்பியா?"ன்னு கேட்டேன். அவன் "எங்களுக்கு செக்யூரிட்டிதான் சார் முக்கியம்"னான். செக்யூரிட்டியாம்! நாங்கெல்லாம் திருடனா?

விடல நானு. திங்கக்கெழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குவாங்கல்ல, வெள்ளை வேட்டி கட்டிட்டு அங்க போனேன். ஒரு தடவை இல்ல, பல தடவை. கடைசியா ஒரு பொம்பள ஆபீசர் கூப்பிட்டு உக்கார வெச்சுப் பேசுனாங்க. சின்ன வயசு. மரியாதையாத்தான் பேசுனாங்க, கொற சொல்லக் கூடாது. கம்ப்யூட்டர்ல எங்க ஏரியாவ மேல இருந்து எடுத்த படமாத் தொறந்தாங்க.

"ஐயா, மேக்குப் பக்கம் நீங்க சொல்ற செவுரு இது. சரிங்க. கெழக்குப் பக்கம் இங்க ஒரு செவுரு தெரியுதே, இது யாரு கட்டுனது?"

"அது எங்க சங்கத்துல கட்டுனதும்மா."

"எதுக்குங்க?"

"பாதுகாப்புக்கும்மா. சங்கிலி அத்துட்டுப் போயிட்டாங்க."

"இவங்களும் பாதுகாப்புக்குன்னுதான் எழுதிக் குடுத்திருக்காங்க."

"அது வேறம்மா, இது வேற. எங்க பக்கத்துல நெசமாவே திருட்டு நடந்துது."

அந்தம்மா படத்துல ரெண்டு செவுத்தையும் வெரலால தொட்டுக் காட்டுனாங்க. அப்புறம், "ஒன்னு பண்ணலாங்கய்யா. ரெண்டு செவுத்தையும் எடுக்கச் சொல்லி ஒரே உத்தரவாப் போடட்டுங்களா?"ன்னாங்க.

நான் எந்திரிச்சு வந்துட்டனுங்க. மேக்கால தடத்தத் தொறக்கச் சொல்லிப் போனா, கெழக்கால செவுத்த இடிக்கறேன்னு சொன்னா என்ன நாயம்? ஆபீஸ்ல உக்காந்துட்டு இருக்கறவங்களுக்கு எடம் புரியாதுங்க தம்பி. நேர்ல வந்து பாத்தாத்தானே.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து வசந்தாகிட்ட இதச் சொன்னேன். ஒரு நாளும் இல்லாத மாதிரி அவ கையில இருந்த வேலையக் கீழ வெச்சுட்டு முழுசாக் கேட்டா. "அந்தம்மா அப்படியா கேட்டாங்க?"ன்னா. "ஆமா"ன்னேன். "நீங்க என்ன சொன்னீங்க?"ன்னா. "நான் எதுக்குப் பேசறேன், எந்திரிச்சு வந்துட்டேன்"னேன். அப்புறம் எந்திரிச்சுப் போயி சோறு போட்டா. அவளுக்கும் அந்த ஆபீசர் மேல கோவந்தான்னு நெனைக்கறேன்.

அந்த மழைக்காலத்துலதான் அவ அங்க தங்க ஆரம்பிச்சது. அமுதான்னு ஒரு பொண்ணு, பால்வாடில ஆயா. புருசன் இல்ல, ஊருக்குள்ள லைன் வீட்டுல தனியா இருக்குது. மழை பெஞ்சா பாலத்தடில இடுப்பளவு தண்ணி நின்னுரும். ஆட்டோ வராது. "இன்னைக்கு அமுதா வீட்டுலயே இருந்துக்கறனுங்க"ன்னு ஃபோன் பண்ணுவா. சரின்னுருவேன். தண்ணியில எறங்கி வாடின்னா சொல்ல முடியும்? மக்யா நாள் சாயங்காலம் வந்துருவா. அப்புறம் மழை இல்லைன்னாலும், தடுப்பூசி போடற நாள், சத்துமாவு வர்ற நாள், ஆபீசர் வர்ற நாள்னு தங்குவா. அப்புறம் வாரத்துல ரெண்டு நாள் இங்க வர்றதுன்னு ஆச்சு. சண்டை எதுவும் இல்லீங்க. ஒரு வார்த்தை எங்களுக்குள்ள வந்ததில்ல.

கொடியில அவ சேலை கொறஞ்சுட்டே வந்துதுங்க. அலமாரியில அவ பக்கம் காலி. நான் அதெல்லாம் கவனிக்கல. ஒரு நாள் துணி எடுக்கப் போனேன், என் வேட்டியும் சட்டையும் மட்டுந்தான் தொங்கிட்டு இருந்துது. அப்பவும் என்ன நெனச்சேன்னா, ஆட்டோல போய் வர்ற ஒடம்பு நோவுல தொவைக்க முடியல போலன்னு நெனச்சேன்.

ரிட்டையர் ஆயிட்டாளுங்க. போன சித்திரைல. பால்வாடில மாலை போட்டு அனுப்புனாங்க. நானும் போயிருந்தேன். சரி, இனி வந்துருவான்னு வீடெல்லாம் கழுவி விட்டு வெச்சேன். வரல. "இங்க சாயங்காலம் புள்ளைங்க படிக்க வருதுங்க. இங்கயே பழகிப் போச்சு"ன்னா. என்னங்க பழக்கம்? ஒரே ரூம்பு. பாத்ரூம்பு லைனுக்கே பொதுவா ஒன்னு. இத்தன பெரிய வீடு கெடக்குது.

நான் என்ன யோசிச்சேன், அவளுக்குப் போய் வர்றதுதான் கஷ்டம், செவுத்துல ஒரு சின்னக் கதவு வெச்சுட்டா? பூட்டுப் போட்டு, சாவி ஒன்னே ஒன்னு, எங்கிட்ட மட்டும். யாருக்கு என்ன நட்டம்? சங்கத்துல கேட்டேன். இப்பச் செயலாளரு கவின்னு ஒரு பையன், ஐ.டி. கம்பெனி. "அங்கிள், நீங்க எழுதுன தீர்மானத்துலயே இருக்கு, எந்தக் காரணத்துக்காகவும் தொறக்கக் கூடாதுன்னு. உங்க கையெழுத்துத்தான் மொதல்ல"ன்னான். "முட்டு வீதின்னு சொல்லித்தான் அங்கிள் இங்க ஆள் வீடு வாங்கறாங்க. வெளி வண்டி வராது, புள்ளைங்க வீதில வெளையாடலாம். அதைக் கெடுத்துக்கச் சொல்றீங்களா?"

நாயந்தானே அவன் சொல்றது. நீங்களே இப்பப் பாக்க வந்திருக்கறீங்க, வெளம்பரத்துல என்ன போட்டிருந்தேன்? அமைதியான வீதின்னுதானே.

சரி, அவனச் சரிக்கட்டிட்டாலும் அக்கட்டால முடியாதுங்க. அன்னை நகர்க்காரங்க செவுத்து ஓரத்துல எல்லாரும் ஒன்னுக்குப் போறாங்கன்னு மொதல்ல சாமி படம் போட்ட டைல்ஸ் ஒட்டுனாங்க. அப்புறம் எதுத்த வீட்டுக்காரருக்கு வாஸ்துக்காரன் எதையோ சொல்லி, புள்ளையார் ஒன்ன செவுத்தோட சேத்து வெச்சாங்க. அப்புறம் மேல கூரை, கும்பாபிசேகம், மைக் செட்டு. சதுர்த்திக்குச் சதுர்த்தி கூட்டம். இனி அதுல யாரு கடப்பாரைய வெப்பாங்க? நான் வெப்பனா? புள்ளையார் முதுக எங்க பக்கம் திருப்பி உக்காந்திருக்கறாரு. பூசை மணி எனக்குக் கேக்குது. கும்புடணும்னா ஆறு கிலோமீட்டர்.

ஆட்டோ வெச்சுட்டு மாசம் ரெண்டு தடவை போய்ப் பாத்துட்டு வருவேன். அமுதா காப்பி வெச்சுக் குடுக்கும். வசந்தா பக்கத்துல உக்காந்து என் மாத்திரை அட்டையப் பாத்து, இது காத்தால, இது ராத்திரின்னு எடுத்துச் சொல்லுவா. புள்ளைங்க வந்துருச்சுன்னா எந்திரிச்சுருவா. நான் கொஞ்ச நேரம் இருந்துட்டு வந்துருவேன். என்னத்தப் பேசறது.

போன ஐப்பசில மழை எப்படி அடிச்சுதுன்னு உங்களுக்குத் தெரியும்ல. ஒரு நாள் சாயங்காலம் அமுதா ஃபோன் பண்ணுச்சு. "ஐயா, டீச்சருக்கு மூணு நாளாக் காச்சல். மூட்டெல்லாம் வீங்கிருச்சு. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னாங்க, எனக்கு மனசு கேக்கல"ன்னுச்சு. பிளாஸ்குல சுடுதண்ணி ஊத்தி, ரொட்டி, மாத்திரை எல்லாம் எடுத்துட்டு ஆட்டோவப் புடிச்சேன். பாலத்தடில தண்ணி. ஒரு காரு பாதி முங்கி நின்னுட்டு இருக்குது. ஆட்டோக்காரன் "போக முடியாதுங்கய்யா"ன்னுட்டான். எறங்கி நடக்கறேன்னேன். "இந்த வயசுல வேண்டாங்க, குழி எங்க இருக்குதுன்னு தெரியாது"ன்னு கையப் புடிச்சு உக்கார வெச்சுட்டான். மேக்கால போலாம்னா வில்லாக்காரன் கேட்டு. வடக்கால பைபாஸ் கம்பி. திருப்பிக் கொண்டாந்து வாசல்ல விட்டுட்டுப் போயிட்டான்.

பிளாஸ்கக் கையில வெச்சுட்டு அந்தச் செவுத்துக்கிட்டப் போய் நின்னனுங்க. அங்கிருந்து அமுதா வீடு கூப்புடு தூரம். கூப்புட்டனுங்க. "வசந்தா! வசந்தா!"ன்னு. வீதில எல்லாரும் ஜன்னலத் தொறந்து பாத்தாங்க. பாத்தாப் பாக்கட்டும். மழைச் சத்தத்துல கேக்காதுன்னுதான் நெனச்சேன். கொஞ்ச நேரத்துல அந்தப் பக்கம் தண்ணில நடந்து வர்ற சத்தம் கேட்டுது. கோயில் கூரைக்கு அடியில வந்து நின்னிருப்பா போல.

"ஏனுங்க, நனைஞ்சுட்டா நிக்கறீங்க?"

அவ குரலு. நேர்ல கேட்ட மாதிரி இருந்துது. நடுவுல ஒம்போது அங்குலந்தானே.

"காச்சலோட எதுக்கு வந்தே?"ன்னேன்.

"நீங்க கூப்புட்டீங்கல்ல."

"ஆட்டோல வந்தேன் புள்ள. பாலத்துல தண்ணி. பிளாஸ்குல சுடுதண்ணி கொண்டாந்தேன்."

"இருக்கட்டுங்க. அமுதா கஞ்சி காச்சிக் குடுத்தா. ஊசியும் போட்டுட்டு வந்துட்டம். நீங்க சாப்பிட்டீங்களா?"

"சாப்பிடறேன்."

"மாத்திரை போட்டீங்களா?"

"போடறேன்."

மழை பேஞ்சுட்டே இருந்துது. இருமறா அங்க, எனக்குக் கேக்குது. கைய நீட்டுனா நெத்தியத் தொட்டுப் பாக்கற தூரம். "வந்துரு வசந்தா, என்னால தனியா முடியல"ன்னு சொல்லிட்டேன். அத்தன வருசத்துல அப்படிச் சொன்னதே இல்லீங்க நானு. போயிட்டாளோன்னு நெனச்சேன். அப்பத்தான் பொத்து, பொத்துன்னு ஒரு சத்தம். என்னன்னு பாத்தா, உள்ளங்கையால செவுத்தத் தட்டிப் பாக்கறா.

"நல்லாத்தானுங்க கட்டியிருக்கீங்க. இத்தன மழைக்கும் ஒரு கீறல் விழலியே"ன்னா.

"அடியில கருங்கல்லு புள்ள. கம்பி கட்டியிருக்கறேன்ல"ன்னேன்.

"ஆமாங்க"ன்னா. அப்புறம் தண்ணில நடந்து போற சத்தம் கேட்டுது. கொஞ்ச நேரம் கேட்டுது. அப்புறம் கேக்கல.

இப்ப ஓசூர்ல வேலைல இருக்கற எம் பையன் அங்கயே வந்துருங்கப்பான்னு கூப்புட்டுட்டே இருக்கறான். அதான் வீட்டக் குடுத்தர்லாம்னு. அவ வரலையாம். பையன் பேசிப் பாத்துட்டான். அவ முடிவு அது. நான் என்ன பண்ணட்டும்?

ஆனா ஒன்னு தம்பி. கல்யாணம் ஆன நாள்ல இருந்து என் வேலையில அவ ஒரு கொறை சொன்னதில்ல. காச்சலோட வந்து நின்னப்பக்கூட, பாருங்க, செவுத்தப் பத்தி நல்லதாத்தான் சொன்னா. அதனால அந்தப் பக்கத்துல இருந்து எவனாவது வந்துருவான்னு உங்களுக்கு யோசனையே வேண்டாம். இன்னும் அம்பது வருசத்துக்கு அது அப்படியே நிக்கும்.